செவலைக் கோழியெல்லாம் நாட்டுக்கோழியா? நிறத்தை வைத்து இனம் பார்க்கும் கதை

போன தை மாதம் சித்தி சந்தையிலிருந்து ஒரு பெட்டைக் கோழி வாங்கி வந்தார். நல்ல செங்கல் நிறம். வெயிலில் மினுமினுத்தது. "அசல் நாட்டுக்கோழிதாம்மா, நிறத்தைப் பாருங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். சித்தியும் நிறத்தைப் பார்த்தார், கேட்ட காசைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பஞ்சாரத்துக்குள் அதை விட்டு மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீதான் கோழி கோழின்னு திரியறவன். இது என்ன ரகம்னு சொல்லு பார்ப்போம்."

நான் குனிந்து பஞ்சாரத்தின் இடுக்கு வழியாகக் கோழியின் காலைப் பார்த்தேன். அப்புறம் அலகு. அப்புறம் வால். சித்திக்குப் பொறுக்கவில்லை. "நிறத்தைப் பாருடான்னா காலைப் பார்த்துக்கிட்டு இருக்கே, காலில் என்ன இருக்கு?"

காலில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சித்தியின் கோழிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், நிறம் நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்த்துவிடலாம்.

இனம் என்றால் என்ன? பெற்ற கோழியைப் போலவே குஞ்சு, அந்தக் குஞ்சைப் போலவே அதன் குஞ்சு என்று தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் அது இனம். அப்படி வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் சேவலையும் பெட்டையையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். நம் கொல்லைகளில் அது நடப்பதில்லை. எதிர்வீட்டுச் சேவல் சுவரேறி வரும், நம் பெட்டை பக்கத்துத் தோப்புக்குப் போகும். ஒரே அடையில் பொரித்த பத்துக் குஞ்சில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், மூன்று செவலை, மீதி எல்லாம் கலவை. ஆகவே கொல்லையில் மேயும் கோழிகளில் பாதிக்கு மேல் எந்த இனப்பெயரும் பொருந்தாது. நாட்டுக்கோழி என்பதே ஓர் இனத்தின் பெயர் இல்லை. இந்த மண்ணில் தானாக மேய்ந்து, தானாக அடைகாத்துப் பெருகிய ஒரு பெருங்கூட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவர்கள் வைத்த பெயர்களைக் கவனியுங்கள். சிறுவிடை, பெருவிடை என்பவை உடம்பின் அளவைச் சொல்கின்றன. கிளிமூக்கு, விசிறிவால் என்பவை அலகையும் வாலையும் சொல்கின்றன. வகை பிரிக்கும் இடத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை. காகம், கீரி, மயில், நூலான் என்று நிறத்தை ஒட்டிய பெயர்கள் வருவது ஒரே வகைக்குள் இந்தச் சேவலா அந்தச் சேவலா என்று அடையாளம் சொல்லத்தான். வடக்கேயும் இதே கதைதான். சண்டைச் சேவலுக்குப் பேர்போன அசீல் இனத்தில் பொன் கலந்த சிவப்பு என்றால் பீலா, கறுப்பும் சிவப்பும் என்றால் யாகூப், வெள்ளை என்றால் நூரி, கறுப்பு என்றால் காகர். நிறம் நான்காக இருந்தாலும் இனம் ஒன்றுதான். "கறுப்பா இருக்கு, இது அசீலா?" என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. கழுத்து நீண்டு, உடம்பு நிமிர்ந்து, இறகு உடம்போடு ஒட்டி, அலகுக்குக் கீழே தொங்கும் தாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறுத்திருந்தால் அது அசீல் பக்கம் போகும். நிறம் எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டே மை

சரி, இத்தனை நிறம் எங்கிருந்து வருகிறது? கோழியின் இறகில் அடிப்படையாக இரண்டே மைகள்தான். ஒன்று கறுப்பு மை, இன்னொன்று செம்மை. பொன்னிறம், பழுப்பு, செங்கல், ஈயச் சாம்பல், புள்ளி, வரி எல்லாமே இந்த இரண்டையும் எங்கே போடுவது, எவ்வளவு போடுவது, எங்கே தடுப்பது என்ற கணக்குதான்.

தொடக்கம் செங்காட்டுக்கோழி. இன்றைய வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதை அதுதான். தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் அதன் கிளையினம் ஒன்றிலிருந்து வீட்டுக்கோழி வந்ததாக 2020-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. அதன் பெட்டை எப்படி இருக்கும் தெரியுமா? முதுகில் பழுப்பும் கறுப்பும் மிளகுப்பொடி தூவியது போலக் கலந்திருக்கும். கழுத்தில் பொன்னிற இறகு, ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புக் கோடு. நெஞ்சு மட்டும் வெளிறிய செம்மண் நிறம். அடைக்கு உட்கார்ந்தால் சருகுக் குவியலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. குஞ்சுகளின் முதுகில் அணில் போலக் கோடு ஓடும்.

இந்த நிறத்தை உங்கள் கொல்லையிலேயே பார்த்திருப்பீர்கள். சிறுவிடைப் பெட்டைகளில் அடிக்கடி வருவது இதுதான். இதை வைத்து "இது காட்டு இனம்" என்று சொல்லிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகியும் அழியாமல் நிற்கும் பழைய சாயம், அவ்வளவுதான்.

இந்தப் பழைய சாயத்தின் மேல்தான் மற்றவை எல்லாம் ஏறுகின்றன. கறுப்பை உடம்பு முழுக்கப் பரப்பிவிடும் ஒரு மரபணு உண்டு. அது வந்தால் முழுக் கறுப்புப் பெட்டை, வெயிலில் பச்சை மினுக்கத்தோடு. அந்தக் கறுப்பை நீர்த்துப்போகச் செய்யும் இன்னொரு மரபணு உண்டு. அதில் ஒரு பிரதி இருந்தால் கறுப்பு ஈயச் சாம்பலாகும். இரண்டு பிரதி இருந்தால் அழுக்கு வெள்ளையில் அங்கங்கே மை தெறித்தது போல ஆகிவிடும். சாம்பல் பெட்டைக்கும் சாம்பல் சேவலுக்கும் பிறக்கும் குஞ்சுகள் நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று தெறித்த வெள்ளை என்ற விகிதத்தில் வரும். "என் சாம்பல் கோழிக்குச் சாம்பல் குஞ்சே சரியா வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை தலைமுறை முயன்றாலும் முழுக்கச் சாம்பலாக வராது. அது கலப்பிலேயே வாழும் நிறம்.

வெள்ளை இன்னும் வேடிக்கை. வெள்ளைக் கோழிக்கு நிறம் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் பல வெள்ளைக் கோழிகளுக்கு உள்ளே ஒரு நிறம் இருக்கும், அதன்மேல் ஒரு திரை விழுந்திருக்கும். பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் லெகான் கோழியின் வெள்ளை அப்படிப்பட்டது. அந்தத் திரை குறிப்பாகக் கறுப்பு மையை மறைக்கும், செம்மையை அவ்வளவாக மறைக்காது. வெள்ளை லெகானையும் கறுப்புக் கோழியையும் சேர்த்தால் குஞ்சுகள் ஏறக்குறைய வெள்ளையாகத்தான் வரும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புப் பொட்டு இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஒளிந்து வரும் வெள்ளையும் உண்டு. தாயும் தந்தையும் நிறக்கோழிகள், நடுவில் ஒரு குஞ்சு மட்டும் வெள்ளை. அக்கம்பக்கத்துச் சேவல் மேல் பழி போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பனின் சட்டை

தொடக்கக்காரர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது. கோழியில் இது தலைகீழ். சேவலிடம் இசட் என்ற குரோமோசோம் இரண்டு இருக்கிறது. பெட்டையிடம் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். பெட்டைக் குஞ்சுக்கு டபிள்யூ அம்மாவிடமிருந்து வந்தாக வேண்டும். அப்படியென்றால் அதனிடம் இருக்கும் ஒரே இசட் அப்பாவுடையது. நிறத்தை ஆளும் முக்கியமான மரபணுக்கள் சில இந்த இசட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. செம்மை பொன்னாகத் தெரிய வேண்டுமா, வெள்ளியாக வெளிற வேண்டுமா என்பது அங்கே இருக்கிறது. இறகில் குறுக்கு வரி விழ வேண்டுமா என்பதும் அங்கே. காலில் கருமை தங்குமா என்பதும் அங்கே.

ஆக, இந்த மூன்று விஷயத்திலும் ஒரு பெட்டைக் கோழி போட்டிருப்பது அப்பனின் சட்டை. உங்கள் பெட்டைக்கு வரி இருந்தால், ஒரு வரிச் சேவல் எங்கோ இருந்திருக்கிறது. அம்மா வரியாக இருந்தும் அப்பன் வரி இல்லையென்றால் பெண் பிள்ளைக்கு வரி வராது, ஆண் பிள்ளைக்கு மட்டும் வரும்.

கோழிப்பண்ணைத் தொழிலே இதை வைத்துப் பிழைக்கிறது. பழுப்பு முட்டைக்காக வளர்க்கும் கலப்பினங்களில் பொன் மரபணு உள்ள சிவப்புச் சேவலை வெள்ளி மரபணு உள்ள பெட்டையோடு சேர்ப்பார்கள். பொரித்த அன்றே பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பு, சேவல் குஞ்சுகள் வெளிர் மஞ்சள். குஞ்சின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, நிறத்தைப் பார்த்துக் கூடையில் பிரித்துப் போட்டுவிடலாம். கோழி வளர்ப்பில் நிறம் இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் பேசுவதில்லை. அங்கேயும் அது சொல்வது இனத்தை அல்ல, ஆணா பெண்ணா என்பதைத்தான்!

கீழிருந்து மேலே

இனி, முன்னால் ஒரு கோழி நிற்கிறது, எங்கே தொடங்குவது? நான் காலில் தொடங்குவேன்.

முழங்காலுக்குக் கீழே செதில் மூடிய பகுதி என்ன நிறம்? மஞ்சளா, வெள்ளையா, கருஞ்சாம்பலா, பச்சை கலந்ததா? செங்காட்டுக்கோழியின் கால் ஈயச் சாம்பல். அப்படியானால் இத்தனை வீட்டுக்கோழிகளுக்கு மஞ்சள் கால் எப்படி வந்தது? 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. முதுமலைப் பக்கம் காலையில் போனால் சாலையோரம் பார்க்கலாமே, கழுத்தில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக இறகு வைத்திருக்கும் சேவல், அதுதான். தென்னிந்தியக் காட்டுக்குச் சொந்தமான பறவை. இன்று உலகமெங்கும் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால் கோழிகள் அந்தக் காலை நம் பக்கத்துக் காட்டிலிருந்து வாங்கியிருக்கின்றன. எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

மஞ்சள் காலில் ஒரு பொறி உண்டு. நன்றாக முட்டையிடும் கோழி தன் உடம்பிலுள்ள மஞ்சளை முட்டைக் கருவுக்குக் கொடுத்துவிடும். முதலில் முட்டை வரும் வழியைச் சுற்றி வெளுக்கும், பிறகு கண்ணோரம், பிறகு அலகு, கடைசியாகக் கால். ஆறு மாதம் விடாமல் முட்டையிட்ட கோழியின் காலைப் பார்த்தால் பிறவியிலேயே வெள்ளைக் கால் என்று நினைத்துவிடுவோம். முட்டை நின்று சில வாரங்கள் போனால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பி வரும்.

அடுத்தது கொண்டை. ரம்பம் போல ஒற்றை வரிசையில் நிற்கிறதா, தலையோடு ஒட்டி மூன்று வரிசைப் புடைப்பாகச் சின்னதாக இருக்கிறதா? பின்னதைப் பட்டாணிக் கொண்டை என்பார்கள், அது அசீலின் அடையாளம். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட பாரம்பரிய விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். நாட்டுக்கோழி என்று வாங்கிய குஞ்சுக்குப் பட்டாணிக் கொண்டை முளைத்தால் அதன் பரம்பரையில் அசீலோ அதையொத்த பெருவிடையோ கலந்திருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

காது மடலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையா சிவப்பா என்று. இவ்வளவும் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள். அப்போது நிறம் பயன்படும், ஏனென்றால் அது பொய் சொன்னால் கண்டுபிடிக்க உங்களிடம் வேறு சாட்சிகள் இருக்கின்றன.

கறுப்பிலிருந்து தொடங்குவோம், ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். கறுப்புக் கோழியைக் கண்டாலே கருங்கோழி, கடக்நாத் என்று விலை ஏற்றிவிடுகிறார்கள். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. பில் பழங்குடியினர் வளர்த்து வந்தது. 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கருமை இறகில் இல்லை, தோலில் இருக்கிறது. அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள். றெக்கையைத் தூக்கி அடியில் தோலை ஊதிப் பாருங்கள். கால், நகம், உள்ளங்கால் பாருங்கள். இவையெல்லாம் கறுத்திருக்க வேண்டும். கொண்டை இரத்தச் சிவப்பாக, தோல் வெளுப்பாக இருக்கும் கறுப்புப் பெட்டை வெறும் கறுப்புப் பெட்டைதான். இன்னொரு பக்கம், கடக்நாத்திலேயே கழுத்தில் பொன்னிற இறகு உள்ள வகையும் உண்டு. சீனாவின் சில்கி கோழியைப் பார்த்தால் இன்னும் குழம்பிவிடுவீர்கள். பஞ்சு போல வெள்ளை இறகு, உள்ளே கரிக்கட்டை போலத் தோல். கடக்நாத், சில்கி, இந்தோனேசியாவின் அயம் செமானி மூன்றின் கருமைக்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம்தான்.

கலப்புக் கடக்நாத்தில் அப்பனின் சட்டை மறுபடி வருகிறது. கடக்நாத் சேவலை வெளிறிய கால் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் நன்றாகக் கறுக்கும், சேவல் குஞ்சுகள் அவ்வளவு கறுக்காது. மாற்றிச் சேர்த்தால், அதாவது வெளிறிய கால் சேவலும் கடக்நாத் பெட்டையும் என்றால், குஞ்சுகள் பெரும்பாலும் வெளிறியே வரும். ஆகவே ஒரு கறுத்த பெட்டையைக் காட்டி அசல் என்றால் அதன் அண்ணன் தம்பிகளையும் காட்டச் சொல்லுங்கள். அவை கறுத்திருந்தால் நம்பலாம். முட்டை கறுப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். முட்டை வெளிர் பழுப்புதான்.

வெள்ளைக்கு வருவோம். உடம்பு முழுக்க வெள்ளை, மஞ்சள் கால், பெரிய ஒற்றைக் கொண்டை பெட்டைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது, காது மடல் வெள்ளை, முட்டையும் வெள்ளை. இவ்வளவும் சேர்ந்தால் லெகான் வழி என்று உறுதியாகச் சொல்லலாம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகப் போகும் வெள்ளை முட்டை இந்த வழிக் கோழிகளுடையதுதான். திருவிழாக் கடைகளில் ரோஜா நிறம், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகள் உண்டல்லவா? அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாமென்று ஒதுக்கும் சேவல் குஞ்சுகள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு பச்சைக் குஞ்சு வாங்கினேன். மூன்றாவது வாரம் றெக்கை நுனியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆறாவது வாரம் பச்சை கழுத்தில் மட்டும் பாசி போல ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அது ஒரு வெள்ளைச் சேவலாகி விடியற்காலை நாலு மணிக்குத் தெருவையே எழுப்பத் தொடங்கியது. இறகு நிறத்தை நம்பக் கூடாது என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

சிவப்பில் இரண்டு கோழிகள் ஒன்றையொன்று போல நடிக்கும். ஒன்று ரோட் ஐலண்ட் ரெட். அமெரிக்காவில் உருவான இனம், 1954 முதல் ரோட் ஐலண்டின் மாநிலப் பறவை. அதை உருவாக்கப் பயன்பட்ட கோழிகளில் ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போன மலாய்ச் சேவலும் உண்டு. அடர்ந்த கருஞ்செங்கல் நிறம், மஞ்சள் கால், சிவப்புக் காது மடல். வால் நிச்சயமாகக் கறுப்பு. றெக்கையை விரித்தால் உள்ளேயும் கறுப்பு தெரியும். இரண்டாவது, முன்பு சொன்ன பழுப்பு முட்டைக் கலப்பினம். தூரத்தில் பார்த்தால் அதே சிவப்பு. கிட்டே போனால் நிறம் கொஞ்சம் வெளிறி இருக்கும். வாலிலோ றெக்கையிலோ கறுப்புக்குப் பதில் வெள்ளை எட்டிப் பார்க்கும். இறகைப் பிரித்தால் அடியில் பஞ்சு வெளுப்பாக இருக்கும். வால் கறுப்பா வெள்ளையா என்ற ஒரே கேள்வியில் பல சமயம் முடிவு தெரிந்துவிடும்.

அரசுப் பண்ணைகள் வழியாக வந்த கோழிகளும் கொல்லைகளில் நிறைய இருக்கின்றன. ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூருவில் உருவான கிரிராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம், நாமக்கல் கோழிகள். இவற்றைப் பலவண்ணமாக இருக்கும்படியே உருவாக்கியிருக்கிறார்கள், கிராமத்தில் வெள்ளைக் கோழியை யாரும் நாட்டுக்கோழி என்று ஏற்க மாட்டார்களே! அதனால் இவற்றை நிறத்தில் தேடுவது வீண். சிறுவிடைப் பெட்டை ஒன்றே கால் கிலோவைத் தாண்டவே யோசிக்கும், இவை அதே வயதில் அதைவிடக் கனமாகக் கையில் நிற்கும். தூக்கிப் பார்த்தால் தெரியும். கழுத்தில் இறகே இல்லாத கோழியைப் பற்றியும் கேட்பார்கள். அந்த மொட்டைக் கழுத்து ஒரே மரபணுவின் வேலை, எந்தக் கோழியோடும் கலந்து வரும். கழுத்தின் முன்பக்கம் ஒரு குஞ்சம் இறகு மட்டும் மிச்சம் இருந்தால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, பார்க்கும் நேரம். குஞ்சின் நிறத்தை வைத்து வளர்ந்த கோழியின் நிறத்தைச் சொல்ல முயலாதீர்கள், வளர்ந்து முடிப்பதற்குள் பலமுறை சட்டை மாற்றும். வெயிலில் ஆண்டு முழுக்க மேய்ந்த கறுப்புக் கோழி பழுப்பேறிப் போகும், செவலை வைக்கோல் நிறத்துக்கு வரும். இறகு உதிர்த்துப் புதிது முளைத்த ஒரு மாதம்தான் உண்மை நிறம் தெரியும் காலம். அவசரமென்றால் றெக்கையை விரித்து, மடிப்புக்குள் வெயில் படாத பாகத்தைப் பாருங்கள்.

இப்போது சித்தியின் கோழி. கால் வெளுத்திருந்தது, ஆனால் விரல் இடுக்கில் மஞ்சள் மிச்சம் இருந்தது. நிறைய முட்டையிட்ட கால். வாலில் மூன்று இறகு வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலாக, மேல் அலகின் நுனி மழுங்கியிருந்தது. கூண்டில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கப் பண்ணையில் அலகு வெட்டுவார்கள். கொல்லையில் பிறந்த கோழிக்கு யார் அலகு வெட்டப் போகிறார்கள்? பண்ணையில் ஒன்றரை வருடம் பழுப்பு முட்டையிட்டுவிட்டு, முட்டை குறைந்ததும் கழித்துவிட்ட கோழி அது. சந்தைக்கு வந்து நாட்டுக்கோழி ஆகிவிட்டது.

சித்தி முதலில் நம்பவில்லை. "முட்டை நாட்டுக்கோழி முட்டை மாதிரி பழுப்பாத்தானே இடுது?" என்றார். நாட்டுக்கோழியாக இருந்தால் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். தை போய் மாசி வந்தது, பங்குனியும் வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முட்டை என்று இட்டுக்கொண்டே இருந்தது, அடைக்கு மட்டும் உட்காரவில்லை. முட்டைக்கென்றே உருவாக்கிய கோழிகளிடமிருந்து அடைகாக்கும் குணத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது அதன் முட்டை ஒன்பதை எதிர்வீட்டுக் கறுப்புச் சிறுவிடைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை இருபத்தொன்றாம் நாள். தெருவில் சுற்றும் ஒரே சேவலுக்குக் கழுத்து வெள்ளி நிறம். பெட்டைக் குஞ்சுகள் என்ன நிறத்தில் வரும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுக் காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சித்தியிடம் இன்னும் காட்டவில்லை.